கணவர் போன பிறகு, 63 வயதில், இனி எதற்காக எழுந்திருப்பது?

சேலத்தில் தனியாக இருக்கிறேன், பிள்ளைகள் வெளியூரில், விடிந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, எனக்கு இப்போது 68. என் கணவர் தவறிய வருடம் நானும் பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

துக்கம் ஒரு பக்கம். அதோடு சேர்ந்து போவது நேரக்கணக்கு. அவருக்கு மாத்திரை, அவருக்கு ரசம் என்று ஓடிய நாளுக்கு இப்போது விளிம்பே இல்லை. அதனால் 'பொழுதுபோக்கு தேடு' என்ற அறிவுரை பலிக்காது. நீங்கள் வராவிட்டால் யாராவது 'ஏன் வரலை?' என்று கேட்கும் வேலை வேண்டும்.

எனக்கு அது தபால் நிலையத்தில் கிடைத்தது. ஏற்காட்டு மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த ஒரு பாட்டி, படிவத்தை நீட்டி, "எழுதிக் கொடு கண்ணு" என்றார். பத்து நிமிட வேலை. மறுவாரம் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் என் நாட்கள். பேனாவும் கண்ணாடியும் பையிலேயே இருக்கும்.

பெரிதாக எதையும் தொடங்காதீர்கள். காபிச் செடியே நட்டு மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்கும். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லையென்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முதியோர் உதவி எண் 14567-லும் பேசலாம்.