தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள் கேட்டவை

கேள்வி: முதல் நாள் இரவு தம்பி போன் செய்தான். வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இருந்திருப்பானா?

பதில்: அந்த ஒரு போனையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், அதற்கு முன் எடுத்துப் பேசியதெல்லாம் கணக்கில் வருவதே இல்லை. நடந்தது தெரிந்த பிறகு பார்த்தால் எல்லாமே அறிகுறியாகத்தான் தெரியும். அன்றிரவு அது தம்பியின் இன்னொரு போன், அவ்வளவுதான். தற்கொலை பெரும்பாலும் ஒரே காரணத்தால் நடப்பதில்லை. மனச்சோர்வு, தீராத வலி, கடன், அவமானம், குடி என்று பலவும் சேர்ந்து நெருக்கும்போது வேறு வழி இருப்பதே கண்ணில் படாமல் போகிறது. "உன் தவறில்லை" என்று ஊரே சொன்னாலும் மனம் கேட்காது. அதனால் ஒன்று செய்யுங்கள். அன்றிரவு உங்களுக்கு என்னென்ன தெரியும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தெரியவந்தது ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

கேள்வி: கணவர் மேல் கோபமாக வருகிறது அக்கா. பாவமில்லையா?

பதில்: இல்லை அம்மா. பள்ளிப் படிவத்தில் 'தந்தை கையொப்பம்' என்ற கட்டத்தைப் பார்த்தாலே பொங்கிவரும். சிலருக்கு நிம்மதிகூட வரும், அதைத்தான் வெளியே சொல்லவே மாட்டார்கள். இரண்டும் இயல்புதான்.

கேள்வி: ஆறு வயது மகளிடம் அப்பாவுக்கு மாரடைப்பு என்று சொல்லிவைத்திருக்கிறோம். சரிதானா?

பதில்: சீக்கிரம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். வெளியாள் சொல்லித் தெரிந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும். "அப்பாவுக்கு மனதில் கடுமையான நோய் வந்தது. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். நீ செய்த எதனாலும் இல்லை." இவ்வளவு போதும், எப்படி என்ற விவரம் வேண்டாம். 'தூங்கிவிட்டார்' என்றும் சொல்லாதீர்கள், சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். மறுபடி மறுபடி கேட்பாள். அதே பதிலைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் தாண்டிவிட்டது. துக்கத்தின் ஐந்து நிலைகளில் நான் எதில் இருக்கிறேன்?

பதில்: அதை விட்டுவிடுங்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-ல் எழுதியது மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி. நம் தலையில் கட்டியது அப்புறம். ஓராண்டுக்குப் பிறகும் அநேகமாகத் தினமும் ஏக்கத்திலேயே கழிந்து, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் அது 'நீடித்த துக்கக் கோளாறு' ஆக இருக்கலாம். அதற்கென்றே பேச்சு சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது.

பதில்: சொன்னது நல்லது. இப்படி இழந்தவர்களில் பலருக்கும் இந்த எண்ணம் வருவதுண்டு, ஆனால் தனியாகச் சுமக்கக் கூடாது. இப்போதே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இங்கே எழுதிய இதே வரியை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம்.