தறிச்சத்தம் முதல் யானைக் குரல் வரை: காது பற்றிய கேள்வி பதில்

செவித்திறன் சோதிப்பது என் தொழில். கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தறிக்காரர்களின் கேள்விக்கு இடம் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

சோமனூர் விசைத்தறித் தொழிலாளி: 22 வருடமாகத் தறி ஓட்டுகிறேன். காது கேட்கிறது, வீட்டில் பேசுவதுதான் புரிவதில்லை. ஏன்?

அண்ணா, "கேட்கிறது, புரியவில்லை" என்பதுதான் தறிச்சத்தம் காதைத் தின்னத் தொடங்கியதன் முதல் அடையாளம். உட்காதில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் திரவம் நிறைந்திருக்க, சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாசலருகே உள்ளவை கீச்சொலியைப் பிடிக்கும். உள்கோடியில் உள்ளவை கனத்த ஒலியைப் பிடிக்கும். பெருஞ்சத்தத்தில் முதலில் அழிவது 4,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 4,000 அதிர்வுள்ள கீச்சொலியின் பக்கத்துச் செல்கள். பேச்சில் உயிரொலிகள் கனத்தவை என்பதால் அவை தப்பித்துக்கொள்ளும். 'ச' போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் உதிர்ந்துவிடும். 'பசி' என்றாலும் 'படி' என்றாலும் உங்களுக்கு ஒன்றாகவே விழும்.

என்னிடம் வந்த தறிக்காரர் ஒருவர், சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனைச் சரியாக அழுத்தி வந்தார். 4,000 ஹெர்ட்ஸுக்கு வந்ததும் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே நின்றது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். 65 டெசிபெலில்தான் விரல் அசைந்தது. அதுவரை நான் பேசியதற்கெல்லாம் என் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிப் பேசியபோதுதான் அது தெரிந்தது.

அழிந்த செல் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 97 டெசிபெலுக்கு அரை மணி நேரம்தான். தறிக்குடோனில் ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரியும். காதில் பஞ்சு வைப்பதால் பலன் மிகக் குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டிச் சன்னமாக்கி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். தறி நிறுத்திய பிறகும் காதில் இரைச்சல் ஓடினால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்: கோழிக்குக் காது கெட்டாலும் திரும்ப வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சத்தத்தால் மயிர்ச்செல்கள் அழிந்தாலும் பறவைகளின் காதில் பக்கத்திலுள்ள தாங்குசெல்கள் பிரிந்து புதியவற்றை உண்டாக்குகின்றன. கோழிக்குஞ்சிலும் காடையிலும் இதை 1988-ல் நிரூபித்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் பெருமளவு திரும்பிவிடுகிறது. பாலூட்டிகளின் காக்ளியாவில் இந்தக் கதவு ஏன் அடைபட்டது, அதைத் திறக்க முடியுமா என்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் தேடுகிறார்கள். உங்கள் கூண்டுக்கோழியிடம் இருப்பது எனக்கு இல்லையே என்று இந்தத் தொழிலில் நான் ஏங்காத நாள் இல்லை.

தாளவாடி விவசாயி: யானைக் கூட்டம் சத்தமே இல்லாமல் ஒன்றாகத் திரும்பிப் போகிறது. எப்படிப் பேசிக்கொள்கின்றன?

பேசுகின்றன, நமக்குக் கேட்பதில்லை. நம் காதின் கீழெல்லை 20 ஹெர்ட்ஸ். 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்று அதிர்வதை உடம்பில் உணர்ந்தார். பதிவு செய்து வேகமாக ஓடவிட்டபோது அதிலிருந்து குரல்கள் வெளிப்பட்டன. அவை 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலானவை. கனத்த ஒலியைக் காட்டின் இலைதழைகள் அதிகம் விழுங்குவதில்லை; அதனால் நெடுந்தூரம் போகும்.

காங்கேயம்: பின்னாலிருந்து கூப்பிட்டால் மாடு ஏன் மிரள்கிறது?

மாட்டுக்கு 35,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நம்மை விட அதிகம். ஆனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிப்பதில் அது நம்மை விட மிகவும் பின்தங்கியது. கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து குரல் கொடுங்கள்.

கோபி: அம்மிச்சி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார். விடலாமா?

வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் வைக்கும். காதுக் குறும்பி தானாக வெளியே நகர்ந்து வரும்.

பல்லடம், ஏழு மாதக் குழந்தையின் தாய்: தறி ஓடும்போதே பக்கத்துத் தொட்டிலில் நன்றாகத் தூங்குகிறாள். பழகிவிட்டாள் என்கிறார்கள். சரிதானா?

பழகியும் இருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம் அம்மிணி. பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துவிடலாம். ஆரோக்கியமான காக்ளியா தானே மெல்லிய ஒலியை வெளியே அனுப்பும் என்று 1978-ல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். சிறு குழாயைக் காதில் வைத்து மெல்லிய ஒலி கொடுத்து, காக்ளியா திருப்பி அனுப்பும் அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் சோதனை. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. எதிரொலி வராவிட்டால், தலையில் மின்முனைகளை ஒட்டி ஒலிக்கு நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை செய்வார்கள். குறை இருந்தால் பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே காது கேட்கும் கருவி பொருத்துவது நல்லது என்பதால் இனி ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். முடிவு எதுவானாலும் தொட்டிலை இன்றே தறிக்கு எட்டாத அறைக்கு மாற்றுங்கள். சோதனைக்குப் போகும்முன் பால் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவள் தூங்கும்போதே முடித்துவிடலாம்.