பொதுவெளிக் கலை நகரவாசிகளை நகரத்தோடு எப்படி இணைக்கிறது?

தினமும் கடந்துபோகிற இடத்தை நின்று பார்க்கவைக்கிறது, முதல் வேலை அதுதான். சிகாகோவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தின் பளபளக்கும் எஃகில் வானமும் கட்டடங்களும் வளைந்து தெரியும், நடுவே நம் முகமும் தெரியும். மக்கள் அதற்கு ‘பீன்’ (அவரை விதை) என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியம் பங்கேற்பு என்பேன். பிலடெல்பியாவில் 1984-இல் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்கத் தொடங்கிய திட்டம், கிறுக்கிய இளைஞர்களையே சுவரோவியம் வரைய அழைத்தது. தானே தூரிகை பிடித்த சுவர் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது.

சரி, மக்களைக் கேட்காமல் வைத்தால்? நியூயார்க்கில் 1981-இல் ரிச்சர்ட் செர்ரா நிறுவிய ‘டில்டட் ஆர்க்’ என்ற நீண்ட எஃகுச் சுவர், சதுக்கத்தில் நடக்கவே இடைஞ்சல் என்று அங்கே வேலைபார்த்த பலர் எதிர்த்தார்கள். 1989-இல் அதை அகற்றிவிட்டார்கள்.