செவலைக் குதிரையும் தினமும் 120 கிலோமீட்டரும்: எதைக் குறைப்பது?

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா. எனக்கு வயது 34. சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்து வீடு, சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை, கைக்கு 68,000 வருதுங்க. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வாங்கினேன், இப்போது அதற்கு 7 வயது. போன வருசத்திலிருந்து வாரம் 5 நாளும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலை 6.30-க்குக் காரை எடுத்தால் வீடு திரும்ப ராத்திரி 9.30. அப்பாதான் குதிரையைப் பார்த்துக்கொள்கிறார், 67 வயது, முழங்கால் வலி. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறேன். மாதச் செலவு: வீட்டுக்கு 20,000, கார் தவணை 11,500, பெட்ரோல் 17,500, பையன் பள்ளிக்கூடம் 4,000, சீட்டு 5,000 (1 லட்ச ரூபாய்ச் சீட்டு, இன்னும் 6 மாதம், எடுக்கவில்லை), குதிரைக்கு 7,000. கொட்டகைக்கும் வேலிக்கும் வீட்டுக்காரி நகையை வைத்து 1,20,000 வாங்கினேன், 10 சதவீத வட்டி, வருசா வருசம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். குதிரை தனியாக நிற்கிறது. இந்த ஆடிக்கு 1,50,000 பர்சனல் லோன் போட்டு இன்னொன்று வாங்கி, குட்டி எடுத்து விற்றால் கட்டுப்படியாகுமா? இல்லை, வீட்டில் சொல்வது போல இருப்பதையும் விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, இன்னொரு குதிரை வேண்டாம். இருப்பதை இப்போது விற்கவும் வேண்டாம். ஆனால் இன்று நடக்கிற மாதிரியே இன்னும் ஒரு வருசம் நடக்கவும் கூடாது, ஏனென்றால் உங்கள் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது, அந்தச் செலவின் பாரத்தை உங்கள் அப்பாவின் முழங்கால் சுமந்துகொண்டிருக்கிறது.

குதிரைக்கு 7,000 என்று எழுதியிருக்கிறீர்கள். தீனிக்கு அது சரிதான். ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ கொள்ளு, ஒரு கிலோ கோதுமைத் தவிடு, அதற்கு மேல் சோளத்தட்டு, உப்பு, அப்படி இப்படி என்று அந்தத் தொகை வந்துவிடும். ஆனால் ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவி லாடம் அடிக்க வேண்டும், அதை மாதத்துக்குப் பிரித்து 700 வையுங்கள். குடற்புழு மருந்து, ரணஜன்னி தடுப்பூசி, டாக்டர் வந்து போகிற செலவுக்கு 500. அப்புறம் ஆள். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், சாணி அள்ளி, தண்ணி காட்டி, உடம்பு தேய்த்து, ஒரு சுற்று நடத்திக் கூட்டிவர ஒரு ஆள் வைத்தால் உங்கள் பக்கம் 6,000 ரூபாய்க்குக் குறைந்து வரமாட்டார். மொத்தம் 14,200. நீங்கள் எழுதியதற்கு இரண்டு மடங்கு. இவ்வளவு நாளாக அந்த 6,000 உங்கள் பணத்தில் போகாததற்குக் காரணம், அந்த வேலையை அப்பா சும்மா செய்கிறார் என்பதுதான். 67 வயதில் முன்னூறு, நானூறு கிலோ கனமுள்ள உயிர் ஒன்று பயந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அவர் விழுவார். அதற்குப் பிறகு ஆகிற ஆஸ்பத்திரிச் செலவை நான் இங்கே எழுத விரும்பவில்லை. எது எப்படிப் போனாலும் ஆள் வைப்பது முதல் வேலை, இந்த மாதமே.

சரி, கூடுதலாக வேண்டிய 7,200 எங்கிருந்து வரும்? இதைத்தான் உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் வீட்டில் எல்லோரும் குதிரையைத்தான் பார்க்கிறார்கள், எனக்கு உங்கள் கார்தான் கண்ணில் படுகிறது. போக வர 120 கிலோமீட்டர், 22 நாளைக்கு 2,640. லிட்டருக்கு 15 ஓடினால் 176 லிட்டர், 101 ரூபாய் என்று வைத்தால் 17,776. தவணையையும் சேர்த்தால் 29,000-க்கு மேல், அதாவது வேலைக்குப் போய்ச் சேருவதற்கே சம்பளத்தில் நூற்றுக்கு 43 ரூபாய். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் தனி. நேரக் கணக்கு இதைவிட மோசம்: ஒரு நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ரோட்டில் என்று வைத்தால் மாதத்தில் 82 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் பத்து நாள்.

ஆகவே மேனேஜரிடம் சம்பள உயர்வு கேட்பதற்கு முன்னால் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள், எழுத்தில், நிலையான நாட்களாக. செவ்வாய், வியாழன் என்று வையுங்கள். மாதத்தில் 9 நாள் கார் நகராது, 72 லிட்டர் மிச்சம், 7,272 ரூபாய். நமக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதேதான். வரி போன பிறகு கையில் நிற்கிற 7,000 என்பது உங்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் சம்பளம் கூடியதற்குச் சமம், அதோடு 33 மணி நேரமும் திரும்பக் கிடைக்கும். கேட்கும்போது குதிரை என்று சொல்ல வேண்டாம், போன ஆறு மாதத்தில் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடித்துக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலோடு போங்கள், மூன்று மாதம் பரீட்சார்த்தமாகப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? சத்தி ரோட்டில் உங்களைப் போலவே காலையில் தனித்தனிக் காரில் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், புளியம்பட்டியிலும் அன்னூரிலும் இருந்து ஏறுகிற மூன்று பேரைச் சேர்த்து வாரத்துக்கு ஒருவர் கார் என்று மாற்றிக்கொண்டாலே பெட்ரோல் செலவு பாதிக்குக் கீழே வந்துவிடும். அதுவும் அமையாவிட்டால் சரவணம்பட்டியில் நண்பர்களோடு பங்கு அறை எடுத்து வாரத்தில் மூன்று ராத்திரி தங்கலாம். வாடகை போகக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பையன் சின்னவன், மூன்று ராத்திரி அப்பா இல்லாத வீடு என்பதை உங்கள் வீட்டுக்காரிதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அது கடைசி வழியாகத்தான் தெரிகிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறேன் என்ற வரி. வாரம் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கிற குதிரைக்கு தினமும் ஒன்றரைக் கிலோ கொள்ளைப் போட்டுவிட்டு, ஏழாவது நாள் ஏறி வேர்க்க விறுவிறுக்க ஓட்டினால், பின்னந்தொடைச் சதை கல் மாதிரி இறுகிப்போய் ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் நிற்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். வெளிநாடுகளில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் இருந்தது, ஞாயிறு முழுத் தீனியோடு ஓய்வெடுத்த வண்டிக் குதிரைகளைத் திங்கட்கிழமை பூட்டியதும் வந்ததால். ஓட்டம் இல்லாத நாளில் கொள்ளைப் பாதியாக்கி, சோளத்தட்டைக் கூட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளில், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. குதிரைக்கும் நல்லது, மாதத்தில் 1,400 ரூபாய் வரைக்கும் மிச்சம். நிதி ஆலோசனையில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம், குதிரை வைத்திருப்பவனுக்குப் பெரிய செலவு வருவதே இந்த மாதிரி இடத்தில்தான்.

என் சித்தப்பா வீட்டில் ஒரு குதிரை இருந்தது. ஒரு மழைக்கால ராத்திரி, பத்து மணி இருக்கும், அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. படுத்து, உருண்டு, எழுந்து, திரும்பவும் படுத்தது, விலாவெல்லாம் வேர்வை. சாதாரண உப்புசம் என்று நினைத்துக் காலைவரை காத்திருந்தோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் சிக்கினது சிக்கினதுதான் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டரைக் கூப்பிட முடியாமல் இல்லை, ராத்திரியில் எவ்வளவு கேட்பாரோ என்ற தயக்கம். விடியும்போது அது இல்லை. அதனால் உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குதிரைக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து அதில் 50,000 சேர்க்க வேண்டும், அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டில் அப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், நீங்கள் அன்னூர் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது அவர் உங்கள் போனுக்காகக் காத்திருக்கக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உங்கள் தோட்டத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ராத்திரியில் பிக்கப் வண்டி வாடகைக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள் என்று இப்போதே விசாரித்து இரண்டு டிரைவர்கள் நம்பரைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

குதிரைக்கு இன்சூரன்ஸ் உண்டு, பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனங்களில் கேளுங்கள், கால்நடை டாக்டரின் சான்றிதழும் அடையாளக் குறியும் கேட்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் குதிரை இறந்தால் வருகிற பணம், வைத்தியச் செலவுக்கு அதை நம்பக் கூடாது. அதைவிட அவசரம் உங்களுக்கு. தினமும் 120 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறவர், கம்பெனி கொடுத்த பாலிசி இருக்கிறதா என்றுகூடக் கடிதத்தில் சொல்லவில்லை. 1 கோடிக்கு டேர்ம் பாலிசி (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருகிற ஆயுள் காப்பீடு) எடுங்கள், உங்கள் வயதுக்கு, சிகரெட் பழக்கம் இல்லாவிட்டால், மாதம் 1,200 பக்கத்தில் வரும்.

இரண்டாவது குதிரை. 1,50,000 கடன், 14 சதவீதம், 3 வருசம் என்றால் தவணை 5,127, மொத்த வட்டி மட்டும் 34,500-க்கு மேல். சினைக்காலம் 11 மாதம். குட்டி பிறந்து விலைக்கு நிற்க இன்னும் ஒரு வருசமாவது வேண்டும். அந்த இரண்டு வருசமும் தவணையும் ஓடும், இரண்டாவது வாய்க்குத் தீனியும் ஓடும், குட்டி என்ன விலை போகும் என்பது அன்றைய சந்தையில் எதிரில் நிற்கிறவரின் மனதில் இருக்கிறது. முழு நேரமும் தோட்டத்தில் இருக்கிறவருக்கே இது நிச்சயமில்லாத தொழில், நீங்கள் காலை 6.30-க்குக் கிளம்பிவிடுகிறீர்கள். துணைக்குத்தான் என்றால் புளியம்பட்டிச் சந்தையில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டி பிடித்து வந்து கூட விடுங்கள். குதிரை கூட்டத்தில் வாழ்கிற உயிர், தனியாக நிற்கிறதே என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம், ஆடு கூட இருந்தாலே பல குதிரைகள் அமைதியாகிவிடும்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். வீடு 20,000, தவணை 11,500, பெட்ரோல் 10,500, பள்ளி 4,000, சீட்டு 5,000, குதிரை 12,800, டேர்ம் 1,200, நகை வட்டிக்கு மாதம் 1,000 (இதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை). 66,000 ஆகிறது. மிச்சம் 2,000, அது நேராகக் குதிரைக் கணக்குக்கு. ஆறு மாதம் கழித்துச் சீட்டு முடிந்து பணம் வந்ததும் அது முழுவதும் நகைக்கு, வேறு எதற்கும் தொடக் கூடாது. பாக்கி நிற்கிற இருபதாயிரத்துச் சொச்சத்தைத் தீபாவளி போனஸ் மாதிரி வருகிற பணத்தில் முடித்து நகையை மீட்டு வீட்டுக்காரி கையில் கொடுங்கள். அதன் பிறகு சீட்டுக்குப் போன 5,000, வட்டிக்குப் போன 1,000 இரண்டும் மிஞ்சும், மாதம் 8,000 சேர்க்கலாம், ஒரு வருசத்துக்குள் அந்த 50,000 நிறைந்துவிடும். அதற்கடுத்து குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவுப் பணம்.

மூன்று மாதத்துக்குள் சரியான ஆள் கிடைக்கவில்லை என்றால் அப்பாவையே தொடரச் சொல்ல வேண்டாம், விற்கவும் அவசரப்பட வேண்டாம். நம் பக்கம் மாடு, ஆட்டை வாரத்துக்கு, அதாவது வளர்க்கிறவருக்கும் பங்கு என்று பேசி, விடுகிற வழக்கம் இருக்கிறதல்லவா, அதே மாதிரி குதிரை பழக்கம் உள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் விடலாம். தீனி யார், டாக்டர் செலவு யார், குட்டி போட்டால் யாருக்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓட்டலாமா என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். குதிரை 25 வருசம் வரைக்கும் இருக்கும், உங்களுடையதற்கு 7 தான் ஆகிறது. பையன் கல்லூரி முடிக்கிற வரைக்கும் அது உங்கள் தோட்டத்தில் நிற்கப்போகிறது என்று நினைத்து எழுதுங்கள்.

அந்தியூருக்கு இந்த ஆடியும் போங்கள். பையனைக் கூட்டிப் போய் குதிரைகளைக் காட்டுங்கள், சந்தைக்கு வருகிறவர்களிடம் உங்கள் பக்கம் நல்ல லாடக்காரர் யார், வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். லோன் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.