தம்பி வீடு இருக்க ஹொட்டல் எதுக்கு?

கேள்வி: என்ட மகள் குடும்பம் அமெரிக்காவில நியூ ஜெர்சியில இருக்கு, பேரனுக்கு 12 வயசு, கிளப் ஒண்டில புட்போல் விளையாடுறான். அடுத்த மாசம் மேரிலாண்ட்ல டோர்னமென்டாம். என்ட சொந்தத் தம்பி வீடு அந்த கிரவுண்டில இருந்து அரை மணித்தியாலம்தான், ஆனா மகள் அங்க நிக்க மாட்டாளாம், டோர்னமென்ட்காரர் சொல்ற ஹொட்டல்லதான் நிக்கணுமாம், இல்லாட்டி டீமையே வெளியில எடுத்துருவாங்களாம். இப்பிடியும் ஒரு சட்டம் இருக்கோ, இல்ல தம்பி வீட்டோட ஏதும் மனஸ்தாபமோ எண்டு எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்ல. (உவர்மலையில இருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, முதல்ல மகளோட கோவிக்காதீங்க, அவ சொல்றது பொய்யா இருக்க வேண்டிய அவசியமே இல்ல. அமெரிக்காவில பிள்ளைகளின்ட டோர்னமென்ட் நிறைய இடத்தில இந்த விதி இருக்கு, ‘ஸ்டே டு பிளே’ எண்டு சொல்வாங்க, அதாவது நாங்க சொல்ற ஹொட்டல்ல தங்கினாத்தான் விளையாடலாம். தூரத்தில இருந்து வாற டீம் எல்லாம் அவங்க வச்சிருக்கிற புக்கிங் கம்பெனி மூலமாத்தான் ரூம் எடுக்கணும், வெளியில எடுத்தா டீமை அட்டவணையில இருந்து தூக்கலாம் எண்டு என்ட்ரி பாரத்திலேயே எழுதியிருப்பாங்க.

ஏன் இப்பிடி எண்டா காசுதான். டோர்னமென்ட் நடத்துறவங்க பல ஹொட்டல்ல மொத்தமா ரூம் பிடிச்சு வைக்கிறாங்க, ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஹொட்டல்காரர் ஒரு பங்கை அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறாங்க, புக்கிங் கம்பெனிக்கு வேற கொமிஷன், சில நேரம் நடுவர்மாருக்கு இலவச ரூம். இவ்வளவு இரவு ரூம் நிரப்பினம் எண்டு கணக்குக் காட்டித்தான் அந்த ஊர் சுற்றுலாச் சபையிட்ட உதவியும் கேக்கிறாங்க. இதெல்லாம் கடைசியில பெத்தவங்க குடுக்கிற ரூம் காசுக்குள்ளதான் வந்து விழுது, அதாலதான் சில நேரம் அதே ஹொட்டலின்ட சொந்த வெப்சைட்ல ரூம் மலிவா இருக்கிறதைப் பாத்துப் பெத்தவங்க வயிறெரியிறாங்க. எனக்கும் இது நியாயமாப் படேல்ல, பிள்ளையின்ட விளையாட்டை வச்சுப் பெத்தவங்களைக் கட்டிப் போடுறது சரியில்ல.

ஆனாலும் வழி இருக்கு. மகளை டீம் மெனேஜரிட்ட முதல்ல ஒண்டே ஒண்டு கேக்கச் சொல்லுங்க: ஒவ்வொரு குடும்பமும் கட்டாயம் எடுக்கணுமோ, இல்ல டீமுக்கு இத்தினை ரூம் எண்டு ஒரு கணக்கு இருக்கோ? கணக்குத்தான் எண்டா மத்தக் குடும்பங்கள் எடுக்கிற ரூமோட அது நிறைஞ்சிருக்கலாம், அப்ப பேரன் உங்கட தம்பி வீட்டில இடியப்பம் சாப்பிட்டிட்டே மெச்சுக்குப் போகலாம். ஒவ்வொரு குடும்பமும் எண்டா, சொந்தக்காரர் வீட்டில நிக்கிறவங்களுக்கு விலக்கு இருக்கோ எண்டு கேக்கணும், சில இடத்தில விண்ணப்பம் போட்டா விடுவாங்க, சில இடத்தில ஒரு தொகை கட்டினா விடுவாங்க, சில இடத்தில ஒண்டுக்கும் மசிய மாட்டாங்க. கிட்ட இருக்கிற டீமுகளுக்கு விலக்கு இருக்கும், எத்தினை மைலுக்குள்ள எண்டது டோர்னமென்டுக்கு டோர்னமென்ட் மாறும், அதைக் கிளப் எங்க இருக்கு எண்டு பாத்துத்தான் முடிவெடுப்பாங்க, உங்கட தம்பி வீட்டை வச்சு இல்ல. பதில் எதுவா இருந்தாலும் ஈமெயில்ல எழுத்தில வாங்கணும், போன்ல சொன்னது பிறகு நிக்காது.

ரூம் எடுக்கத்தான் வேணும் எண்டா கென்சல் பண்ணக் கடைசி நாள் எப்ப எண்டு பாக்கணும், அது தாண்டினா ஒரு இரவுக் காசு போகலாம். 2025 மே 12ல இருந்து அங்க ஹொட்டல்காரர் கட்டாயக் கட்டணம் எல்லாத்தையும் சேத்து மொத்த விலையை முதல்லயே காட்டணும் எண்டு சட்டம் வந்திருக்கு, ஆனா அரச வரியைப் பிறகும் சேக்கலாம், பார்க்கிங் காசு வேறயா வரலாம். நீங்க அங்க போகேக்க நீங்களும் அதே ரூம்ல படுக்கிற யோசனை எண்டா எத்தினை பேருக்கு அனுமதி எண்டதையும் கேக்கச் சொல்லுங்க. தம்பியைக் குடும்பத்தோட மெச் பாக்க வரச் சொல்லுங்க, முடிஞ்சு அவர் வீட்டில ராச்சாப்பாடு, ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல.

கேள்வி: நாங்க திருகோணமலையில 15 வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டோர்னமென்ட் வைக்கப் போறம், மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணத்தில இருந்து டீம் வரும். உப்புவெளியில ஒரு விடுதிக்காரர் எல்லா டீமையும் தன்னட்டத்தான் நிக்கச் சொன்னா எங்களுக்குப் பங்கு தாறாராம். எடுக்கலாமோ? (நிலாவெளியில இருந்து ஒரு கிளப்)

பதில்: தம்பி, மேல இருக்கிற அம்மாவின்ட கடிதத்தை ஒருக்கா வாசியுங்க. விலை குறைச்சுத் தாறார் எண்டா வாங்குங்க, அந்தப் பங்கையும் ரூம் விலையிலேயே கழிக்கச் சொல்லுங்க, ஆனா கட்டாயப்படுத்தாதீங்க. வாற பிள்ளைகளில கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைகளும் கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பாங்க, கட்டாயம் எண்டா அந்தப் பிள்ளைகள்தான் முதல்ல வராம நிண்டிரும். நாங்க படிக்கேக்க கொழும்புக்கு மெச்சுக்குப் போனா ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில மேசைகளைச் சேத்துப் போட்டுப் படுத்தம், சேர் வாசல்ல பாய் விரிச்சுப் படுப்பார், அதுக்குக் காசு கேட்டிருந்தா நாங்க கொழும்பையே பாத்திருக்க மாட்டம். அதால பள்ளிக்கூட மண்டபம் ஒண்டையும் கேட்டு வையுங்க, சொந்தக்காரர் வீடு இருக்கிறவங்களை அந்த வீட்டிலேயே நிக்க விடுங்க.

ஆகஸ்ட் வேண்டாம், உப்புவெளியும் நிலாவெளியும் அப்ப சீசன், ரூம் விலை ஏறும். நவம்பர் டிசம்பர் எண்டா மழையில கிரவுண்ட் குளமாகும். விலை கேக்கேக்க 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேந்ததோ எண்டு கேளுங்க, சேராட்டி பில் வரேக்கதான் தலை சுத்தும். பார் இருக்கிற கட்டடத்தில பிள்ளைகளை விடாதீங்க, பொம்பிளைப் பிள்ளைகள் வந்தா தனி மாடியும் கூடவே ஒரு டீச்சரும் வேணும். ரூம் காசை டீம்காரர் விடுதிக்கே நேர கட்டி ரசீது எடுக்கட்டும், உங்கட கையால போக வேண்டாம். வெயிலுக்கு முதல் மெச்சைக் காலை 7 மணிக்கு வைக்கிறதெண்டா 5 மணிக்கே பாணும் பருப்பும் தர ஏலுமோ எண்டு விடுதிக்காரரிட்ட இப்பவே கேட்டு வையுங்க.