அலெக்ஸ் ஜோன்ஸின் கல்லாப்பெட்டி: கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரிலிருந்து 'இன்ஃபோவார்ஸ்' என்ற சதிக் கதை நிகழ்ச்சியையும் இணையதளத்தையும் நடத்தியவர் அலெக்ஸ் ஜோன்ஸ். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை நாடகம் என்று பேசியவர். அதற்காக இறந்தவர்களின் குடும்பங்கள் அவதூறு வழக்குப் போட்டு, நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கின. அவருடைய பணம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

சார், இவருக்கு யூடியூப் விளம்பரக் காசா சோறு போட்டுச்சு?

இல்லை, சொந்தக் கடைதான். சத்து மாத்திரை, பற்பசை, அவசர காலத்துக்கான உலர் உணவு. நிகழ்ச்சியில் பயத்தைக் கிளப்புவார், இடைவேளையில் அந்தப் பயத்துக்கே சரக்கு விற்பார். சர்ச்சை கிளம்பினால் விளம்பரதாரர் ஓடிவிடுவார். சொந்தச் சரக்குக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. 2018-ல் சில நாட்களில் ஒரே நாள் விற்பனை 8 லட்சம் டாலரைத் தாண்டியது என்று வழக்கில் வெளிவந்தது.

2018-ல எல்லாரும் தடை பண்ணாங்களே, அப்பவே படுத்திருக்கணுமே?

ஆகஸ்டில் ஆப்பிள், ஃபேஸ்புக், யூடியூப்; செப்டம்பரில் ட்விட்டர், பேபால். சொந்த இணையதளம் இருந்ததால் பழைய வாடிக்கையாளர்கள் தங்கினார்கள். புது ஆள் வந்து சேரும் வழிதான் அடைபட்டது.

பேச்சுரிமை உள்ள நாட்டில் இவ்வளவு பெரிய தொகை எப்படி?

இதைக் கவனமாகப் படியுங்கள். நீதிமன்றம் கேட்ட ஆவணங்களை அவர் ஒழுங்காகத் தரவே இல்லை. அதனால் 2021-ல் டெக்சாஸ், கனெக்டிகட் இரண்டு இடத்திலும் நீதிபதிகள் அவரே பொறுப்பு என்று தீர்த்துவிட்டார்கள். ஜூரிக்கு (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) மிஞ்சியது தொகையை முடிவு செய்வது மட்டும். அவதூறு வழக்கில் எதிர்வாதம்தான் கேடயம். அதை அவரே கீழே போட்டார். போதாக்குறைக்கு, 2022 ஆகஸ்ட் விசாரணையில் ஒன்று தெரியவந்தது: அவருடைய வக்கீல் தரப்பே அவர் போனின் நகலைத் தவறுதலாக எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டது. சாண்டி ஹூக் பற்றி ஒரு குறுஞ்செய்தியும் இல்லை என்று சொன்னவரின் போனில் அது இருந்தது. டெக்சாஸில் சுமார் 4.9 கோடி டாலர். கனெக்டிகட்டில் அக்டோபரில் 96.5 கோடி, நவம்பரில் தண்டனைத் தொகையாக மேலும் 47.3 கோடி. 2024-ல் மேல்முறையீட்டில் 15 கோடி குறைந்தது, அவ்வளவுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை வருடக்கணக்கில் மிரட்டவைத்த பேச்சுக்கு இதை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

திவால் நோட்டீஸ் கொடுத்தா கடன் போயிடும்ல?

சாதாரணக் கடன் போகும். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்த தீங்குக்கான கடன் அமெரிக்கச் சட்டப்படி போகாது. 110 கோடி டாலருக்கு மேல் அப்படிப்பட்டதுதான் என்று 2023 அக்டோபரில் திவால் நீதிபதி சொன்னார். 2024 ஜூனில் வழக்கு 'சாப்டர் 7'-க்கு மாறியது, அதாவது சொத்தை விற்றுப் பங்கிடுவது. டெக்சாஸ் சட்டம் குடியிருக்கும் வீட்டுக்கு நல்ல பாதுகாப்பு தரும். ஆனால் நாளை சம்பாதிப்பதையும் இந்தக் கடன் துரத்தும்.

அண்ணா, அரசியல் சேனல் ஆரம்பிக்கிறேன். கம்பெனி பேர்ல நடத்தினா தப்பிக்கலாமா?

முடியாது தம்பி. பேசியது உங்கள் வாய், வழக்கு உங்கள் பேரிலும் வரும். ஜோன்ஸ், அவர் கம்பெனி இருவர் மேலும்தான் தீர்ப்பு. ஒரு ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள். தவறு தெரிந்தால் அதே சேனலில் உடனே திருத்தம் போடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தபின் வாட்ஸ்அப் செய்தி, வீடியோ எதையும் அழிக்காதீர்கள்.