கொட்டகைக்குள் சூப்பர் மார்க்கெட்: திருவிழாக் கடை பற்றி அண்ணாச்சியின் பதில்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறேன். குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா, ஊர்க் கோயில் திருவிழாவான ஊர்க்கொடை, கச்சேரி மைதானம் என்று கூட்டம் கூடும் இடங்களில் தற்காலிகக் கடை போடுவதும் என் தொழிலில் ஒரு பகுதி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ‘எவ்வளவு லாபம் வரும்?’ என்று மட்டும் கேட்டவர்களை விட்டுவிட்டேன். எந்த ஊர், எந்த இடம், எத்தனை நாள் என்று சொல்லாமல் அதைக் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசைவிழா மைதானத்துக்குள்ளேயே ஒரு சூப்பர் மார்க்கெட் கடை திறந்ததாகப் படித்தேன். நம் ஊர்க் கச்சேரிகளில் அப்படிச் செய்ய முடியுமா?

நீங்கள் படித்தது கோ-ஆப் என்ற கூட்டுறவு நிறுவனத்தைப் பற்றி, தம்பி. 2019-இல் அங்கே கடை திறந்தார்கள். அதே ஆண்டில் விழாக்குழு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதையும் நிறுத்தியது. ஆனால் அந்த விழா எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாமர்செட் மாவட்டத்தில் ஒரு மாட்டுப்பண்ணை நிலத்தில், சுமார் 2 லட்சம் பேர், ஐந்து நாட்கள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். தங்குகிறவனுக்குப் பல் துலக்கப் பசை வேண்டும், காலையில் ரொட்டி வேண்டும், மழை வந்தால் மேலே போர்த்த ஏதாவது வேண்டும். அதனால் அங்கே சூப்பர் மார்க்கெட் ஓடுகிறது.

நம் ஊரில் நான்கு மணி நேரக் கச்சேரிக்கு வருகிறவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அவருக்குத் தண்ணீர், கடலை, முறுக்கு, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட், உட்கார ஒரு பாய். இதற்கு ஒரு மேசை போதும். சூப்பர் மார்க்கெட் வேண்டாம். எனவே பாட்டு எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். ஜனம் எத்தனை இரவு தங்குகிறது என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நெல்லைச் சீமையில் கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்தில் வருபவை இரண்டு: குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். இரண்டிலும் மேளத்துக்கும் பாட்டுக்கும் குறைவே இல்லை.

வள்ளியூர், மளிகைக் கடைக்காரர்: குலசை தசராவுக்கு முதல்முறையாகக் கடை போடப் போகிறேன். என்னென்ன சரக்கு ஏற்றலாம்?

முதலில் எதை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். முட்டை வேண்டாம், அசைவ மசாலா வேண்டாம். மாலை போட்டு விரதம் இருந்து, நேர்ச்சைக்கு வேஷம் கட்டி வருகிற கூட்டம் அது. அந்தப் பொட்டலங்கள் கண்ணில் பட்டாலே சிலர் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள். பெரிய பை அரிசி, ஐந்து லிட்டர் எண்ணெய் டின், சலவைத்தூள் வாளி எல்லாம் உங்கள் ஊர்க் கடையிலேயே இருக்கட்டும். கையில் சூலமும் தலையில் கிரீடமுமாக வருகிறவர் அவற்றை எங்கே சுமப்பார்?

வேஷம் கட்டுகிறவர்களை மனத்தில் வைத்துச் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். காளி, குரங்கு, குறவன் குறத்தி, போலீஸ் என்று எந்த வேஷமானாலும் வழியில் ஏதாவது ஒன்று அவிழும், கிழியும், உதிரும். ஊக்கு, ஊசி நூல், கறுப்புக் கயிறு, ஒட்டும் நாடா, சிறிய கண்ணாடி, சீப்பு, குங்குமம், பஞ்சு ஆகியவை பெரிய இடம் அடைக்காது, விலையும் குறைவு, ஆனால் வேண்டும்போது வேறு எங்கும் கிடைக்காது. முகச்சாயத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும். அதில் சிறிய பாட்டில்களே நிறைய வேண்டும். பத்தாம் நாள் நள்ளிரவில் சூரசம்ஹாரம் முடிந்ததும் அந்த எண்ணெயும் சோப்பும் போகிற வேகத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

சாப்பாட்டில் அவல், வெல்லம், வாழைப்பழம், பேரீச்சம்பழம், பிஸ்கட், கோவில்பட்டிக் கடலைமிட்டாய். பக்கத்து உடன்குடியிலிருந்து கருப்பட்டி வைத்தால் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். தங்குகிறவர்களுக்குப் பற்பசை, கொசுவர்த்தி, டார்ச், தீப்பெட்டி, துண்டு. பெண்களுக்கு நாப்கின் கட்டாயம் வையுங்கள். ஆண்கள் நடத்தும் கடைகளில் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள். காய்ச்சல் மாத்திரை கேட்பார்கள். மருந்துக் கடை உரிமம் இல்லாத நாம் அதை விற்கக் கூடாது. மருத்துவ முகாம் எங்கே என்று கை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, அது கடற்கரை ஊர். மணல்மேல் அட்டைப்பெட்டியை வைத்தால் அடியில் ஈரம் ஏறும். மரப்பலகை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். உப்புக்காற்றில் சர்க்கரை கட்டியாகும், திறந்த பிஸ்கட் ஒரே இரவில் நமுத்துப்போகும். தசரா வருவது புரட்டாசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் என்பதால் வடகிழக்குப் பருவமழை முன்கூட்டியே எட்டிப் பார்க்கலாம். பந்தல்காரரிடம் துணிக்கூரை போதும் என்று சொல்லாதீர்கள், தகரம் கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், தென்காசி: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலைத் திருவிழாவில் எல்லோரும் 30-க்கு விற்கிறார்கள். தரை வாடகை, ஐஸ் செலவு எல்லாம் இருக்கிறதே. நாமும் விற்றால் என்ன?

உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள், அதுதான் என்ன. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்ட அளவியல் விதிப்படி குற்றம். குளிர்வித்த கூலி என்றெல்லாம் தனியாக வாங்க வழியில்லை. தொழிலாளர் துறை அதிகாரிகள் சாதாரண பக்தரைப்போல வந்து வாங்கிப் பார்ப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள். அச்சிட்ட விலைக்கு விற்கிறார்கள் என்ற பேச்சு மைதானம் முழுக்கப் பரவ ஒரு மாலை போதும். தண்ணீர் வாங்க வருகிறவர் வெறும் தண்ணீரோடு திரும்புவதில்லை. பத்து ரூபாய் அதிகம் வைத்தால் அவர் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்களைத் திட்டிக்கொண்டே போவார். தரை வாடகையைத் தண்ணீர் பாட்டிலில் எடுக்க நினைக்கிறவருக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

வீரவநல்லூர், சிறுகடை உரிமையாளர்: ஊர்க்கொடையில் இன்னிசைக் கச்சேரி மேடைக்கு நேர் எதிரே இடம் தருகிறார்கள். ஏலத் தொகை இரட்டிப்பு. எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். மேடைக்கு எதிரே நிற்கிறவன் பாட்டுக் கேட்கிறான், பொருள் வாங்குவதில்லை. அவன் முதுகுதான் உங்கள் கடைப்பக்கம் இருக்கும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கல்லா வைத்தால் ‘ரெண்டு கலர்’ என்றது ‘ரெண்டு கடலை’ என்று காதில் விழும். ஒரு இரவு முழுக்க அங்கே நிற்கிற பையனின் காதையும் நினைக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்துக்கு வரும் வழியில், அதுவும் திரும்பிப் போகிறவர்களின் இடக்கைப் பக்கம் இடம் கேளுங்கள். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து நடக்கும் இரவுகளில் கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருக்கும், நடுச்சாமத்தில் எழுந்து வந்து வாங்கும். இன்னிசைக் கச்சேரிக் கூட்டம் முடிந்தவுடன் மொத்தமாகக் கிளம்பும். அந்த அரை மணி நேரத்துக்குள் பில் போட இரண்டு பேர் கூடுதலாக வேண்டும்.

ஏலம் எடுக்குமுன் நிலம் கோயில் நிர்வாகத்துக்குச் சேர்ந்ததா, ஊராட்சிக்கா, தனியார் பட்டாவா என்று கேட்டு, யார் பணம் வாங்குகிறாரோ அவர் கையால் ரசீது வாங்குங்கள். கொடைக்கு மூன்று நாள் முன்னதாக மூன்று பேர் வந்து ‘இது எங்கள் இடம்’ என்பது வழக்கமான கதை.

செங்கோட்டை, மொத்த வியாபாரி: சபரிமலை மண்டல காலத்தில் ஆரியங்காவில் கடை போட நினைக்கிறேன். இங்குள்ள ஜி.எஸ்.டி. பதிவு போதுமா?

போதாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். தமிழ்நாட்டுக்குள் எங்கே கொட்டகை போட்டாலும் உங்கள் பதிவிலேயே கூடுதல் வணிக இடமாகச் சேர்த்து, டெலிவரி சலான் (விற்பனை இல்லாமல் சரக்கு அனுப்பும் சீட்டு) போட்டுச் சரக்கை அனுப்பலாம். மாநிலத்துக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, வேண்டும். ஆரியங்காவுக்கு அந்த மாநிலத்தில் தற்காலிக வணிகராகத் தனிப்பதிவு எடுக்க வேண்டும். தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பு விண்ணப்பித்து, வரக்கூடிய வரியை உத்தேசமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவு 90 நாள் செல்லும் என்பதால் மகரவிளக்குவரை கவலையில்லை. உங்கள் சரக்கே ஆனாலும் இங்கிருந்து அங்கே போவது விற்பனையாகவே கருதப்படும். விலைப்பட்டியல் போட்டு வரி கட்டி அனுப்புங்கள். 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் மாநிலம் கடந்து விற்கவே முடியாது. உங்கள் ஆடிட்டரை ஐப்பசியிலேயே பாருங்கள். கார்த்திகை பிறந்தபின் அவர் கையில் கிடைக்க மாட்டார்.

ஆலங்குளம், மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரி: நாங்கள் செய்யும் பருப்புப்பொடி, அதிரசம், தட்டை ஆகியவற்றை உங்களைப் போன்றவர்களின் திருவிழாக் கடையில் வைத்து விற்பீர்களா, அண்ணாச்சி?

கண்டிப்பாக, அம்மா. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண், செய்த தேதி, எடை, விலை, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே செய்தது ஆகியவை அச்சிட்டு ஒட்டியிருந்தால் எந்தக் கடைக்காரரும் மறுக்கக் காரணமில்லை. கையால் எழுதி ஒட்டிய தாளை நான் ஏற்பதில்லை, வியர்வையில் அழிந்துவிடும். நூறு கிராம் பொட்டலமாகப் போடுங்கள். விற்றதற்குப் பணம், விற்காததைத் திருப்பித் தருவது என்று பேசிக்கொள்ளுங்கள். அதிரசம் கூட்டத்தில் நொறுங்கும். தட்டை போகும்.

சுரண்டை, கைப்பேசிக் கடையும் மளிகையும் நடத்துபவர்: கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடுகிறது. யு.பி.ஐ. பணம் வந்ததா இல்லையா என்று தகராறு. என்ன செய்வது?

பணம் வந்ததைக் குரலில் சொல்லும் அறிவிப்புப் பெட்டிகள் இரண்டு வையுங்கள். இரண்டிலும் வெவ்வேறு நிறுவனத்தின் சிம். ஆனால் நம் பெட்டி நன்றாக இருந்தாலும் வாங்குகிறவர் போனில் சிக்னல் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. அதனால் 50, 100 ரூபாய் என்று முழுத் தொகைக்குக் கட்டிய பொட்டலங்களைத் தயாராக வையுங்கள். ரொக்கம் தருகிறவர் சில்லறைக்கு நிற்க வேண்டாம். தசராக் குழுவினர் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருகிறவர்கள். நாணயத்தை நோட்டாக மாற்ற நினைக்கும் குழுக்கள் உண்டு. அன்போடு வரவேற்று எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று சொல்லும் கடைக்காரரை எனக்குப் பிடிக்காது. ரிசர்வ் வங்கி செல்லும் என்று பலமுறை சொல்லிவிட்டது.

நாங்குநேரி: ஐஸ்கிரீம் வைக்கலாமா?

ஜெனரேட்டர்காரர் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் வையுங்கள். குளிர்பெட்டி ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தைப்போலப் பல மடங்கு கிளம்பும்போது இழுக்கும். விளக்குக்கென்று பேசிய ஜெனரேட்டர் அங்கேதான் மூச்சு வாங்கும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைத்து விற்கக் கூடாது. குழந்தைகள் சாப்பிடும் பொருள். பாலுக்கு மட்டும் வழி உண்டு. அட்டைப்பெட்டியில் வரும் நீண்டநாள் பால், திறக்கும்வரை குளிர் கேட்காது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். மீன்பிடித் துறைமுக ஐஸ்கட்டியைப் பாட்டிலைச் சுற்றி வைப்பதோடு நிறுத்துங்கள், சர்பத்துக்குள் போடாதீர்கள்.

மதுரையிலிருந்து வந்து குடியேறியவர்: அல்வா?

நெல்லைக்கு வந்து சூப்பர் மார்க்கெட்டில் அல்வா வாங்குகிறவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் பார்க்க வேண்டும்.

கடையம், இளைஞர்: குற்றாலம் சாரல் விழா சமயத்தில் கடை போட்டால்?

துண்டு, மாற்றுடை, நீர் புகாத பை, சூடாகக் குடிக்க ஏதாவது. அருவியில் எண்ணெய், ஷாம்பு, சோப்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. அவற்றை அடுக்கிவைத்து வம்பை வாங்காதீர்கள். சாரல் பொய்த்தால் ஜனமும் பொய்க்கும். அதனால் ஒரு வாரத்துக்கான சரக்கை மட்டும் ஏற்றுங்கள்.

விக்கிரமசிங்கபுரம், பலசரக்கு வியாபாரி: சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மேலேயே போய்க் கடை போடலாமா? பிளாஸ்டிக் கெடுபிடி எப்படி?

அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறோம் என்ற நினைப்பில் காட்டுக்குள் போகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். பாபநாசம் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கி வைப்பார்கள், அது சரிதான். தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் தடை என்பது உங்களுக்குத் தெரியும். பிஸ்கட்டும் மசாலாவும் பிளாஸ்டிக் உறையில்தான் வருகின்றன என்பதால், எதை அனுமதிப்பார்கள் என்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு பெட்டிகூட ஏற்ற வேண்டாம்.

என் யோசனை வேறு. சொந்த வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் மேலே அனுப்பும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கும்போது, ஜனம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தைவிட நல்ல இடம் எது? அங்கே கடையைப் போடுங்கள். அரிசி, பருப்பு, உப்பு, புளி, வற்றல், மல்லி எல்லாவற்றையும் எடைபோட்டுத் துணிப்பையிலும் காகிதத்திலும் கட்டி, ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் சமையல் என்று ஒரே மூட்டையாக்குங்கள். மேலே பொங்கல் வைக்கிறவர்களும் கிடா வெட்டுகிறவர்களும் இருப்பதால் மசாலாவும் இங்கே ஓடும். மஞ்சப்பையில் உங்கள் கடைப்பெயரை அச்சிட்டால் அது ஆண்டு முழுக்க ஊருக்குள் நடமாடும். தராசில் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை: சூப்பர் மார்க்கெட்போல உள்ளே விட்டு எடுக்கச் சொன்னால் திருட்டுப் போகாதா?

போகும். உள்ளே விடாதீர்கள். மூன்று பக்கமும் மேசை போட்டு, கேட்டதை எடுத்துக் கொடுங்கள். பழைய பலசரக்குக் கடை முறைதான் கூட்டத்துக்கு வேகமானது. சரக்கைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் அடுக்கி, விலையைக் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். கல்லாப் பணத்தை இரவில் ஒருமுறையாவது மாற்றுங்கள். தீயணைப்பான் இரண்டு வேண்டும். பந்தலும் அட்டைப்பெட்டியும் வாணவேடிக்கையும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சங்கரன்கோவில், ஆடித்தபசுக்குக் கடை போடுபவர்: விற்பனை நன்றாகவே இருக்கிறது. ஆனால் மிஞ்சிய சரக்கு எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திருவிழாக் கடையின் லாபம் ஏற்றிப் போன லாரியில் தெரியாது, திரும்பி வருகிற லாரியில் தெரியும். ஏஜென்சிக்காரரிடம் பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பாரா என்று முன்பே பேசி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு அடுக்குக்கு அழகு என்று பத்துப் பெட்டியையும் பிரித்து வைக்காதீர்கள். ஒன்று தீர்ந்தபின் அடுத்தது. ஒரே பொருளில் ஐந்து நிறுவனம் வேண்டாம். ஓடுகிற ஒன்றும் விலை குறைந்த ஒன்றும் போதும். மைதானத்தில் யாரும் சோப்பைத் தேர்ந்தெடுக்க நிற்பதில்லை. விழாவின் கடைசி மூன்று நாட்களில் புதிய சரக்கு ஏற்றுவதை நிறுத்துங்கள். ‘இது இல்லையா’ என்று நாலு பேர் கேட்டுவிட்டுப் போவது பரவாயில்லை. காற்றுப் பட்ட பெட்டிகளை ஊர்க் கடையில் தனியாக வைத்து முதலில் விற்றுத் தீருங்கள். காலாவதித் தேதியைப் பையன்களை நம்பி விடாமல் நீங்களே பாருங்கள்.

திரும்பும் லாரியை விழா முடிந்த மறுநாள் காலைக்குச் சொல்லவே வேண்டாம். ஊரே அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது. வண்டி உள்ளே வராது, வாடகை மட்டும் ஓடும். மாலைக்குச் சொல்லுங்கள். அதுவரை பல்பொடி, சோப்பு, தண்ணீர், பிஸ்கட் நான்கையும் வாசலில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கலாம்.